நஞ்சுண்டசாமியின் சுழல்கதவு

நஞ்சுண்டசாமி பூங்காவின் சுழல்கதவில் சிக்கிக்கொண்டார்.

பேண்டு வாத்தியக்காரர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் உற்சாகமாக வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

தசராவுக்கு முந்தைய வாரம் அது. மைசூரில் எந்தத் தெருவில் நின்றாலும் புதுச் சுண்ணாம்பு வாசனை. பூங்காவைத் திறந்துவைக்கப் பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரியும் பூங்காக் கமிட்டித் தலைவருமான நஞ்சுண்டசாமி, மரியாதைக்கு அவரை முதலில் உள்ளே விட்டார். அதிகாரி ஒல்லி. கதவைத் தள்ளிக்கொண்டு சுலபமாக அந்தப் பக்கம் போய்விட்டார்.

பின்னால் நுழைந்த நஞ்சுண்டசாமி பாதி திரும்பியதும் கதவு நின்றது. அவரும் நின்றார்.

முன்னால் ஓர் இரும்புக் கை. முதுகில் ஓர் இரும்புக் கை. பக்கவாட்டில் கம்பி வரிசை. நீளக் கோட்டின் பித்தான் ஒன்று தெறித்து அதிகாரியின் காலடியில் போய் விழுந்தது.

அதிகாரி அதைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே அவர் ஒருவர்தான். கமிட்டி, மாலை, சந்தனக் கிண்ணம் எல்லாம் வெளியே.

அந்தக் கதவு நஞ்சுண்டசாமியின் யோசனை.

பூங்கா வருவதற்கு முன் அது வெறும் மைதானம். பின்தெருப் பெண்கள் அதன் குறுக்கே நடந்துதான் அந்தப் பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துவந்தார்கள். வேலி போட்டதும், இடுப்பில் குடத்தோடு யாரும் புக முடியாதபடி கதவு இருக்க வேண்டும் என்றார் நஞ்சுண்டசாமி. குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவே குடங்கள் போனால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

அவர் மனைவி கமலம்மாள் அப்போதே கேட்டாள்.

"ஏனுங்க, அவங்கெல்லாம் கடைவீதியைச் சுத்திக்கிட்டா தண்ணிக்குப் போறது? மாசமா இருக்கறவ என்ன பண்ணுவா?"

"வரப்படாதுன்னுதான் கதவே போடறது."

ஆடி மாதம் கொல்லன் ஜடையனின் பட்டறையில் கதவு தயாரானது. நஞ்சுண்டசாமியே நேரில் போய் அதில் நுழைந்து பார்த்தார். உரசாமல் வெளியே வந்தார். கௌரவமான மனுஷன் போக இவ்வளவு வழி போதும், ஒரு விரல்கூட அகலம் கூட்டாதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அதே ஜடையனை அழைத்துவர ஆள் ஓடியது.

வெயில் ஏறியது. சரிகைத் தலைப்பாகை நனைந்து காதோரம் ஒழுகியது. பேண்டு ஒருவழியாக நின்றது. அது வாசித்தபோதாவது தேவலை என்று நஞ்சுண்டசாமிக்குத் தோன்றியது. இப்போது எல்லாச் சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது.

"தண்ணி," என்றார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பின்தெருப் பெண்களில் சித்தம்மா வெறுங்குடத்தோடு முன்னே வந்தாள். மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"குழாய் அந்தப் பக்கம் இருக்குதுங்க சாமி. நீங்க கொஞ்சம் நகந்தா கொண்டாந்துருவேன்."

கமிட்டி உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

கமலம்மாள் மற்றப் பெண்களோடு குடை நிழலில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. பாவம், புருஷனை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

ஜடையன் வந்தான். கதவைச் சுற்றிவந்தான். நஞ்சுண்டசாமியையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

"கதவை அறுக்கட்டுங்களா, கோட்டை அறுக்கட்டுங்களா?"

கோட்டை அறுத்துப் பயனில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கதவை அறுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் நஞ்சுண்டசாமியின் பல் கூசியது. இரண்டு கைகளும் நடுத்தூணும் விழுந்தபோது அவர் ஒரு மூட்டையைப்போல உள்பக்கம் சரிந்தார். அதிகாரி அவரைப் பிடித்து நிறுத்திப் பித்தானைக் கையில் கொடுத்தார்.

அதிகாரி நல்லவர். கதவு போன இடத்தைப் பார்த்து, வாசல் இப்படித் திறந்திருப்பதுதான் அழகு, இல்லையா என்று கேட்டார்.

நஞ்சுண்டசாமி மூச்சு வாங்கிக்கொண்டே, தாமும் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிவந்ததாகச் சொன்னார். எல்லா ஜனங்களுக்கும் பொதுவான இடம் அல்லவா என்றார். அதிகாரி கைதட்டினார். கமிட்டியும் தட்டியது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே சித்தம்மா இடுப்பில் குடத்தோடு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நிதானமாக நடந்து, குரோட்டன்ஸ் பக்கத்துப் புது பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் குழாய்க்குப் போனாள்.

நஞ்சுண்டசாமி வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றிப்போட்டு இலையின் முன் உட்கார்ந்தார். உலகத்தில் வேறு ஆறுதல் என்ன இருக்கிறது? அவர் பட்டறைக்குப் போய்வந்த நாளிலிருந்து வேளை தவறாமல் கமலம்மாள் ஒப்பட்டு என்னும் வெல்லப் போளி போட்டு, மேலே உருக்கிய நெய்யை ஊற்றி, போதும் என்றாலும் விடாமல் இன்னும் ஒன்று வைப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு கவனித்ததில்லை.

இன்று இலையில் ஒரு ராகிக் களி உருண்டை. பக்கத்தில் கீரைச்சாறு.

"ஏன், ஒப்பட்டு போடலியா?"

"இனி எதுக்குங்க?" என்றாள் கமலம்மாள், சாற்றைக் கலக்கிக்கொண்டே. "அதான் கதவை எடுத்தாச்சே."