மான்கள் நக்கிய சுவர்

"எழுதித் தாங்க, சேர்."

ஸுல்பிகா இப்படிக் கேட்டதும், பக்கத்து மேசையில் அஸ்மியா ஓங்கிய றப்பர் முத்திரை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

ஸுல்பிகா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அஸ்மியா சொல்லிக்கொடுத்திருந்தாள். லீவு கேள், மின்விசிறி கேள், புதுக் கதிரை கூடக் கேள். எழுதித் தாங்க என்று மட்டும் கேட்டுவிடாதே. முன்பு அப்படிக் கேட்ட ஒருவர் இப்போது இடமாற்றத்தில் புல்மோட்டையில் இருக்கிறார்.

பணிப்பாளர் கதிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். காலையிலேயே நல்ல உற்சாகத்தில் இருந்த மனிதர். அவள் உள்ளே வந்தபோது, "என்ன பிள்ளை, முகத்துக்குப் போடுற பவுடரை அபாயாவுக்கும் போட்டுட்டியோ?" என்று பகிடி விட்டுத் தானே சிரித்தவர்.

இப்போது சிரிப்பைக் காணவில்லை.

"எதை எழுத?"

"சுவரில கை வைக்கக்கூடாது எண்டு சொல்றீங்கதானே. அதை."

சுவர் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய துறைமுக அதிகாரி வீட்டின் கடல் பக்கச் சுவர். அந்த வீட்டைத்தான் அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். வருகிற மாதம் திறப்பு விழா. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக இருநூறு வருடம் நின்ற சுவருக்கு, விழாவில் வழுவழுப்பாகத் தெரியட்டும் என்று கதிராமன் போன வருடம் சீமெந்து பூசுவித்தார்.

அன்றோடு சுவருக்கு மூச்சு நின்றது. உள்ளே அகப்பட்ட ஈரம், சீமெந்து முடிகிற விளிம்பெல்லாம் உப்பாகப் பூத்தது.

உப்பை நக்க மான்கள் வந்தன.

கோட்டைக்குள் மேய்கிறவை தெருவைக் கடந்து வந்து, சங்கக்கடைக்கு அரிசி வாங்க வந்தவை போல வரிசையில் நின்று நக்கின. கதிராமனுக்கு வாயெல்லாம் பல். படம் எடுத்து விளம்பரத்துக்குப் போடச் சொன்னார். நக்க நக்கக் கல் உதிருது சேர், சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசவேணும் என்று ஸுல்பிகா சொன்னதற்கு, பிள்ளைக்கு மானில் என்ன கோபம் என்று கேட்டார்.

மானில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்த கோபம் முழுக்க அவரில்தான்.

கிண்ணியாவில் மீன் விற்கிற அபூதாஹிரின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தொல்லியல் படித்த நாலு வருடமும், ஒரு சுவர் சாகிறதைப் பக்கத்தில் நின்று பார்க்கவா? மாரி மழைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இந்த மாரியைச் சீமெந்தோடு குடித்தால் சுவர் அடுத்த மாரியைக் காணாது. மூன்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில்: பார்ப்பம். அவளுடைய வேலையை நிரந்தரமாக்குகிற கடிதத்திலும் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். அதையும் அவர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

"வாயால சொன்னாக் காணாதா, தங்கச்சி?"

"காணாது சேர். எழுத்தில இல்லாத ஒண்டும் நடக்கல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னவர்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கு அவள் பதில் லீவு கேட்டபோது, அந்த ஒரு வசனத்தைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்.

அஸ்மியா இருமினாள். அது இருமல் இல்லை.

கதிராமன் ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். பேனை மூடியைத் திறந்தார். தொடக்கூடாது என்று எழுதினால், நாளைக்குச் சுவர் விழும்போது இந்தத் தாள் எழும்பி நிற்கும். கொத்தலாம் என்று எழுதினால், சீமெந்து பூசச் சொன்னது யார் என்று யாராவது கேட்பார்கள். பேனை தாளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது.

மூடியை மூடினார்.

"எழுதேலாது. கதையை விட்டுட்டுப் போய் வேலையைப் பார்."

"அப்ப எழுத்தில ஒண்டும் இல்ல. அப்படித்தானே, சேர்?"

"ஓம், ஓம். ஒண்டும் இல்லை."

"அஸ்மியா ராத்தா, நீங்களும் கேட்டீங்கதானே?"

முத்திரை இப்போதுதான் தாளில் இறங்கியது. டொக்.

வென்றுவிட்ட சந்தோஷத்தில் கதிராமன் தேத்தண்ணிக்குச் சொன்னார். ஸுல்பிகாவுக்கும் சேர்த்தே சொன்னார். அவள் நிற்கவில்லை.

வெளிப்படியில் நின்று அபாயாவின் தோளை இரண்டு தட்டுத் தட்டினாள். தூள் சாம்பலாகப் பறந்தது. பவுடர் அந்த நிறத்தில் இருக்காது.

இரண்டு தெரு தள்ளி, விடிகாலையிலிருந்து அவளும் மேசனும் கொத்தியதில் பாதிச் சுவர் வெறுங்கல்லாகியிருந்தது. மீதிப் பாதிக்கு முன்னால், தடுத்துத் தாள் ஏதும் வருமா என்று அவளைக் கேட்டு அனுப்பிவிட்டு, மேசன் இராசையா உளியோடு குந்தியிருந்தார்.

கையில் ஒரு தாளும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு, ஸுல்பிகா கடலை நோக்கி நடந்தாள்.