பக்கத்து வீட்டுக் கத்தரிக்கோல்

காலை ஆறு மணிக்கு நளினி ஜன்னல் திரையை விலக்கியபோது, அவள் தோட்டத்தில் பக்கத்து வில்லா ரஹீமா பீவி நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரிக்கோல். விஸ்டீரியா கொடியில் தொங்கிய பச்சைக் காய்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நளினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் போய்விட்டாள். கொடியில் ஒரு காய்கூட இல்லை.

அது எட்டு வருஷத்துக் கொடி. மகன் ஷ்யாமைப் படிப்புக்காகக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு அமீரகத்து அல் ஐனுக்குத் திரும்பிய வாரம் வைத்தது. இந்த ஊர் வெயிலுக்குப் பூக்காது என்று சொல்லித்தான் நர்சரிக்காரன் கொடுத்தான்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றினாள். கோடையில் சாக்குப் படுதா கட்டினாள். குளிர்காலத்தில் ஏணி போட்டு ஏறி, நீண்டு போன கிளைகளை இரண்டு கணு விட்டு வெட்டினாள். ஸ்கூலில் ஏழு பீரியட் எடுத்துவிட்டு வந்து இதையும் செய்தாள்.

ஏழு வருஷம் வெறும் இலைதான். தொண்ணூற்றேழு மார்ச்சில் ஊதா நிறத்தில் நாலு கொத்து பூத்தது. பிறகு அவரைக்காய் போலப் பத்துப் பன்னிரண்டு காய் பிடித்தது.

மே மாதம் அவள் கணவர் சீதாராமனின் கம்பெனியில், கான்ட்ராக்டை இனிப் புதுப்பிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்டோபரில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கொடியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. விதையை எடுத்துப் போய்க் குன்னூர் வீட்டில் போடலாம், அங்கே நல்ல குளிர் என்று நளினி நினைத்திருந்தாள். அக்டோபருக்குள் காய் முற்றிவிடும். அதுவரை பொறுத்தால் போதும்.

அந்தக் காயைத்தான் ரஹீமா பீவி ஜூன் மாதத்திலேயே வெட்டிவிட்டாள்.

நளினி நேரே போய்க் கேட்டாள். ரஹீமா பீவி மறைக்கவில்லை.

"ஆமாக்கா, நான்தான் வெட்டினேன். மன்னிச்சுக்கங்க."

"எதுக்கு?"

ரஹீமா பீவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். காய் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

நளினிக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

"பொறாமைக்கும் ஒரு அளவு இருக்கு, ரஹீமா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதோடு பேச்சு நின்றது. ஸ்டாஃப் ரூமில் சுசீலா டீச்சரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். சுசீலா இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். ரஹீமா பீவி ஒரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தனுப்பியபோது, நளினி பாத்திரத்தின் மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். போகப்போகிற நேரத்தில் எதற்கு இந்தப் பகை என்று சீதாராமன் சொல்லிப் பார்த்தார். நளினி காதில் வாங்கவில்லை.

நாலு மாதம் அப்படியே ஓடியது.

அக்டோபரில் பெட்டி கட்டிக் கட்டி நளினிக்கு இடுப்பு விட்டுப்போனது. கிளம்புகிற அன்று ரஹீமா பீவியின் கணவர் ஜாபர் சாதிக், தன் துணிக்கடை பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள் நளினி. ஆனால் வேறு வண்டி தேடும் நிலையில் சீதாராமன் இல்லை. தன்னால் இனி ஒரு படி ஏறி இறங்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பதினாலு அட்டைப் பெட்டியையும் ஜாபர் சாதிக்கே தூக்கி ஏற்றினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அக்கா, ஒரு விஷயம். இந்த வில்லாவுக்கு அடுத்து வர்றவங்களுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்களாம். கொடி காய்ச்சா உடனே வெட்டிப் போட்டுறச் சொல்லி, ஒரு வார்த்தை எழுதி வச்சுட்டுப் போங்க."

"ஏன் பாய்?"

அவர் ஒரு முறை தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அது விஷம்க்கா. எங்க பக்கம் சுவத்துல தொங்குனதை எங்க பொண்ணு ஹிஃப்ஸா பறிச்சுத் தின்னுருச்சு. ஆறு வயசுப் புள்ள, அதுக்கு என்ன தெரியும். வாந்தி நிக்கவே இல்ல. மூணு நாள் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. சட்டைப்பையில கெடந்த காயைப் பாத்துட்டு டாக்டர்தான் சொன்னாரு. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலதான் ரஹீமா உங்க தோட்டத்துக்கு வந்தா."

நளினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய். நான் என்னவெல்லாம் பேசிட்டேன்."

"நான் சொல்லத்தான் கிளம்பினேன். அவதான் விடல. 'எம்மேல கோவம்னா ஊருக்குப் போனதும் அக்காவுக்கு ஆறிடும். நம்ம செடியால ஒரு புள்ளைக்கு இப்படி ஆச்சேங்கிறது அவங்களுக்கு ஆயுசுக்கும் ஆறாது'ன்னா."