ஜோடிக்குக் கீழே இன்னொன்று

"இந்த ஜோடியை முதல்ல பிரிச்சுப் பார்த்தது நான். கீழே இருக்கிற மூணாவதையும் பார்த்தது நான் ஒருத்தன்தான்!"

வானியல் சங்கத்தின் செயலாளர் சொல்லி முடிக்கும் முன்பே கைதட்டல். பின்னால் திரையில் அவருடைய பென்சில் படம்: ஒட்டி நின்ற இரண்டு மங்கலான கேலக்ஸிகள், கீழே வலப்பக்கம் இன்னொரு சின்னத் திட்டு. இன்று சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறப்போகிறது.

முன்வரிசையில் ஒருத்தி மடியில் பழைய நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் மூன்று குளிர்காலம் காத்திருந்து பார்த்த ஜோடி அது. அவரை அடக்கம் செய்த மறுநாள் வந்து, வாய் நிறைய பிஸ்கட்டை மென்றபடி, "அண்ணன் நோட்டை ரெண்டு நாள் வச்சுக்கறேன் அண்ணி" என்று வாங்கிப்போய்த் திருப்பித் தந்தவர்தான் இந்தச் செயலாளர்.

"எங்களுக்கு மூணாவது தெரியலையே சார்?" என்றார் தலைவர்.

"நேராப் பார்த்தா தெரியாது. ஓரக்கண்ணால பார்க்கணும். பழகின கண்ணு வேணும்."

"ஓரக்கண்ணு அவருக்கு நல்லாவே பழக்கம்!" என்று யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. அவரும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

அவள் மடியிலிருந்த நோட்டைப் பிரித்தாள். அந்த ஜோடி. அடுத்த பக்கத்தில் டெலஸ்கோப்பில் பார்த்து வரைந்த முழுநிலா. அதிலும் கீழே வலப்பக்கம் அதே திட்டு. நோட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

"அந்தப் படம் என் வீட்டுக்காரர் வரைஞ்சது."

செயலாளர் இறங்கிவந்து அவள் தோளில் கை வைத்தார். ஈரக் கை. அவள் விலகிக்கொண்டாள்.

"துக்கத்துல பேசறீங்க அண்ணி. ரெண்டு பேரும் ஒரே வானத்தைத்தானே பார்த்தோம்? ஒரே படம்தானே வரும்?"

பலர் தலையாட்டினார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார்.

"மூணாவதையும் நீங்களே பார்த்தீங்களா?" என்று அவள் செயலாளரைக் கேட்டாள்.

"சத்தியமா. இந்த ரெண்டு கண்ணால, மூணு ராத்திரி."

"அப்படின்னா உடனே டாக்டர்கிட்ட போங்க தம்பி. அது வானத்துல இல்ல, என் வீட்டுக்காரர் கண்ணுக்குள்ள இருந்த கட்டி. அதுலதான் அவர் செத்தார்."