வியாகுல மாதாவின் முகம்

பெரிய வியாழன் மாலை, ஸ்பெயினின் செவில் நகரத் தெருவில், மகனை இழந்து அழும் வியாகுல மாதாவின் பவனி வந்துகொண்டிருந்தது. நானூறு வருடத்து மரச் சுரூபம். போன வருடம் ஒரு கலைஞர் அதன் முகத்தில் உயிருள்ள அழுகையைப் பொருத்தியிருந்தார். அந்த அழுகை, பிழைப்புக்காக அங்கே குடியேறியிருந்த ஜெசிந்தாவுடையது.

மகன் சேவியர் இறந்த பிறகு ஆறு மாதம் ஓயாமல் அழுதாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்குக்கூடப் போக முடியவில்லை. கலைஞர் வந்து அந்த அழுகையைக் கேட்டார், கொடுத்துவிட்டாள். அதன்பின் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறாள்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த தங்கை டெல்பின்தான் அவளைப் பவனிக்கு இழுத்து வந்தாள். சுரூபம் நெருங்கியது. மரக் கன்னத்தில் கண்ணீர் வழிய, ஜெசிந்தாவுக்கு அழும்போது கோணியது போலவே உதடு இடப்பக்கம் கோணியது. கூட்டம் விம்மியது. டெல்பினும் விம்மினாள். ஜெசிந்தா, பல் பிடுங்க ஊசி போட்டவள் போலத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஒன் அழுகையக் கேட்டா திருப்பிக் குடுப்பாவல்லா, அக்கா?"

"குடுப்பாவ. எழுதிக் குடுத்தா அன்னைக்கே மாதா முகத்துலேர்ந்து எடுத்துருவாவ."

"பெறவென்ன? எழுதிக் குடு."

ஜெசிந்தா தங்கையின் கண்களைத் துடைத்துவிட்டாள்.

"வேண்டாம்ளா. எங்கிட்ட வந்தா நான் ஒருத்திதான் வீட்டுக்குள்ள கெடந்து அழுவேன். இங்க ஊரே அவனுக்காவ அழுவுது."