கதவிடுக்கில் ஒரு கை

கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. இடுக்கில் இசக்கியம்மாளின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது, அம்மை குத்த வந்த தேவசகாயத்தின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா வரக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் குத்துறீரே, ஒம்ம கையில குத்துன தழும்பு எங்க? காட்டும்."

அவர் சட்டைக்கையைச் சுருட்டினார். தழும்பு இல்லை. அந்தக் கண் சுருங்கியது.

"எனக்கு ஒங்க ஆத்தாளே குத்திட்டா" என்று அம்மைக் குழி விழுந்த முகத்தை இடுக்கருகே கொண்டுபோனார். "ஒருக்க வந்தவனுக்கு மறுக்க வரமாட்டா, தாயி."

"அவ வந்தப்ப ஒம்ம வீட்டுல யாரு யாரு மிஞ்சுனாவ?"

"நான் மட்டுந்தான்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்ட ஒரு கை வெளியே நீண்டது.

"மொதல்ல எனக்குக் குத்தும். நான் பொழச்சுக் கெடந்தா புள்ளையத் தாரேன்."