அந்தக் குதிரையைத் தவிர

"இந்த வாரம் முழுக்கத் தோல்விதானாப்பா?" என்று கேட்டாள் மகள்.

ரேஸிலிருந்து திரும்பிய தையல்காரர் செருப்பை மூலையில் உதறினார். "ஆமா, திங்கள்லேர்ந்து தினமும் மண்ணைக் கவ்வியாச்சு. அதுக்கென்ன இப்போ?"

"ஊரே அந்தக் கறுப்புக் குதிரை மேல கட்டுது. அதுவும் தவறாம ஜெயிக்குது. நீங்க மட்டும் ஓடறதுக்கே யோசிக்கிற குதிரையா பார்த்துக் கட்டறீங்க. கறுப்பு உங்களை என்ன பண்ணிச்சு?"

"அது பாவம், வாயில்லா ஜீவன். அது மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா தெருவுல நின்னாலும் அது மேல கட்ட மாட்டேன்."

"நாளைக்கும் இதே வீம்புதானா?"

"நாளைக்கு ரெட்டிப்பா கட்டுவேன்."

வாசலில் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். பந்தயச் சட்டை முழுக்கப் புழுதி. மகள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். கறுப்புக் குதிரையில் தினமும் ஜெயித்துவரும் ஜாக்கி அவன்தான். அவரைக் கேட்காமலே அவர் மகளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். மாடியில் குடிவந்து வருஷமாகியும் அவர் முகம்கொடுத்துப் பேசாத மருமகன்.

"இறங்கும்போது கால் பிசகிடுச்சு மாமா. நாளைக்குக் கறுப்பு மேல வேற ஆளு. நீங்க தாராளமா அது மேல கட்டலாம்" என்றான்.

தையல்காரர் உள்ளே போய்த் தைல பாட்டிலை எடுத்துவந்து அவன் காலருகே உட்கார்ந்தார்.

"காலை நீட்டு. நீ ஏறலைன்னா நான் யாரை எதிர்த்துக் கட்டறது?"