முன்வரிசை

பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ரெஜினா மதியம் இரண்டு மணிக்கே ஆற்றங்கரைச் சுவரோரம் ட்ரைபாடை ஊன்றிவிட்டாள். நகரத்து வாணவேடிக்கை முழுசாகப் படத்தில் விழ அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும். போனால் இடம் பறிபோய்விடும். ஆறு மணிக்குப் போலீஸ்காரர்கள் வந்து எல்லோரையும் பின்னால் தள்ளி குறுக்கே மூங்கில் தடுப்புக் கட்டினார்கள். சுவரோரம் வெள்ளை உறை போட்ட நாற்பது நாற்காலிகள் வரிசையாக நின்றன.

"பெரிய ஆளுங்க குடும்பத்தோட வர்றாங்கம்மா" என்றார் ஏட்டு.

ஏழு மணிக்கு முதல் வெடி வெடித்தது. வானம் சிவந்தபோது காலி நாற்காலிகளும் சிவந்தன. ரெஜினாவுக்குத் தலைகளும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான் தெரிந்தன.

"யாருமே வரலையே, உள்ள விடுங்க சார்."

"வந்தாலும் வராட்டியும் அது அவங்க இடம்."

ஆத்திரத்தில் அவள் ட்ரைபாடை அப்படியே போட்டுவிட்டு, கேமராவோடு மூங்கிலுக்கடியில் குனிந்து நுழைந்தாள். செருப்புக் காலோடு நடு நாற்காலியில் ஏறி நின்றாள்.

"ஏய், எறங்குடி!" என்று ஏட்டு ஓடி வந்தார். அவர் கை எட்டுவதற்குள் பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளி மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஓடினார். ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வெடிக்காக நின்றாள்.